இழுப்பது எளிது, நிறுத்துவது?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குச் சென்றிருக்கிறீர்களா? மரக்காணத்தை நெருங்கும்போது வெயிலில் பளபளக்கும் உப்பளங்களும், ஓலையோ தார்ப்பாயோ போர்த்திய உப்புக் குவியல்களும் கண்ணில் படும். அவற்றுக்கு அருகே, கடலோரத்தில் உள்ள மீனவர் ஊர் எக்கியார்குப்பம். இப்பகுதியில் ஒரு டிராக்டர் உப்பு ஏற்றிய டிரெய்லரை இழுத்து வருவதாக வைத்துக்கொள்வோம். "டிராக்டர் இழுத்துவிட்டதே, பிறகென்ன?" என்று கேட்பீர்கள். உண்மையான சோதனை இழுப்பதில் இல்லை, நிறுத்துவதில்தான் இருக்கின்றது.

முதலில் பாரத்தைக் கணக்கிடுவோம். டிரெய்லரின் நீளம் 3 மீட்டர், அகலம் 1.8 மீட்டர், உப்பு நிரம்பிய உயரம் அரை மீட்டர் என்க. கன அளவு 2.7 கன மீட்டர். கல்லுப்புக் குவியல் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,200 கிலோ இருக்கும். ஆகவே உப்பு மட்டும் 3 டன்னைத் தாண்டிவிடும். அதே இடத்தில் உதிரி வைக்கோலை நிரப்பினால் 300 கிலோவைக்கூட எட்டாது. பெட்டி நிரம்பியதா என்று பார்ப்பது போதாது. என்ன நிரம்பியது என்றும் பார்க்க வேண்டும்.

டிரெய்லரின் சொந்த எடையையும் சேர்த்து 4 டன் என்போம். டிராக்டரின் எடை 2 டன். அதன் பிரேக் தரும் விசை 8,000 நியூட்டன். டிரெய்லருக்குப் பிரேக் இல்லை. மணிக்கு 27 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில் வண்டி வருகின்றது. எதிரே ஓர் ஆடு குறுக்கிடுகின்றது!

டிராக்டர் தனியாக வந்தால், பிரேக் பிடித்த இடத்திலிருந்து 7 மீட்டரில் நின்றுவிடும். டிரெய்லரோடு வந்தால்? அதே விசை இப்போது 6 டன்னை நிறுத்த வேண்டும். நிறை மூன்று மடங்கு. ஆகவே நிற்கும் தூரமும் மூன்று மடங்கு, 21 மீட்டர். ஓட்டுநர் ஆட்டைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி ஆனால் இன்னும் 7.5 மீட்டரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேகத்தை இரட்டித்தால் பிரேக் தூரம் நான்கு மடங்காகும். போதாக்குறைக்கு, வளைவில் திடீரெனப் பிரேக் பிடித்தால், பின்னால் வரும் 4 டன் முன்னால் உள்ள 2 டன்னைத் தள்ளும். மடக்குக் கத்தி மடிவதுபோல் வண்டி மடங்கிவிடும்.

அடுத்தது பாரம் வைக்கும் இடம். மாட்டுவண்டிக்காரருக்கு இது கைவந்த கலை. பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே எழும்பி, கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். அளவான முன்பாரமே நல்லது.

ஒற்றை அச்சு டிரெய்லருக்கும் இதே விதிதான். பின்பாரம் மிகுந்தால் கொக்கி டிராக்டரின் பின்புறத்தை மேலே தூக்கும். பின்சக்கரங்களின் பிடிப்புக் குறையும். வேகத்தில் டிரெய்லர் வாலைப்போல் இருபுறமும் ஆடும். அமெரிக்காவில் காரின் பின்னே வீடு போன்ற டிரெய்லரை இழுத்துச் செல்வோர், அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின்மீது அமரும்படி பார்த்துக்கொள்வது வழக்கம்.

முன்பாரம் அளவை மீறினாலும் ஆபத்தே. கொக்கி டிராக்டரின் பின் அச்சுக்கு 60 சென்டிமீட்டர் பின்னால் இருக்கின்றது. இரு அச்சுகளுக்கும் இடையே 200 சென்டிமீட்டர் என்க. கொக்கியில் 500 கிலோ அழுத்தினால், நெம்புகோல் விதிப்படி முன்சக்கரங்களின்மீதுள்ள பாரத்தில் 500 × 60 ÷ 200 = 150 கிலோ குறையும். முன்சக்கரம் தரையை இறுகப் பற்றாவிட்டால், ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி திரும்பாது. மேட்டில் ஏறும்போது முன்புறம் தூக்கிக்கொள்ளவும் கூடும்.

இதைச் செய்து பாருங்கள்: ஓர் அடிக்கோலின் நடுவே பென்சிலை வைத்து, ஒரு முனையை விரலால் இலேசாகப் பிடியுங்கள். அதுதான் கொக்கி, பென்சில்தான் அச்சு. அடிக்கோலின்மேல் ஒரு நாணயத்தை விரலுக்கு அருகிலிருந்து மெல்லப் பின்னுக்கு நகர்த்துங்கள். பென்சிலைக் கடந்ததும் விரலுக்கு என்ன நேர்கிறது?

உப்பளத்தில் இன்னொரு பகையும் உண்டு: துரு. உப்புநீர் பட்ட இரும்பு விரைவில் அரிக்கப்படும். டிராக்டரையும் டிரெய்லரையும் இணைப்பது கைக்கு அடங்கும் ஓர் இரும்பு ஊசிதான்! அது தேய்ந்து ஒடிந்தால், பாதுகாப்புச் சங்கிலி ஒன்றே துணை. அந்தச் சங்கிலியும் துருப்பிடித்திருந்தால்?

வண்டியின் பதிவுச் சான்றிதழில் மொத்த எடை குறிக்கப்பட்டிருக்கும். அதை மீறிப் பாரம் ஏற்றி ஓட்டுவதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தடுக்கின்றது. காரணம் என்னவென்று இப்போது உங்களுக்கே கணக்குப் போட்டுச் சொல்லத் தெரியும்.

வேலை முடிந்த மாலையில் உப்பு மூட்டைகளின் மேலோ, இணைப்புச் சட்டத்தின் மேலோ யாரேனும் ஏறி வீடு திரும்ப முயன்றால், இக்கணக்கை அவர்களுக்கும் சொல்லுங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர் உங்கள் அண்ணனாகவோ அம்மாவாகவோ இருக்கலாம் அல்லவா?