அளவுகோலும் அறிவும்

எண்ணையும் எழுத்தையும் மக்களின் இரு கண்களாகப் போற்றுவது தமிழர் மரபு. அவ்விரு கண்களுள் ஒன்று மிகக் கூர்மையாகவும், மற்றொன்று மங்கலாகவும் அமையப்பெற்ற சிறுவர் சிலர் உளர். அவர்கள் செவியால் கேட்டதை உடனே பற்றிக்கொள்வர். நுட்பமான வினாக்களை எழுப்புவர். கடினமான கணக்கையும் மனத்திலேயே போட்டு முடிப்பர். ஆயினும், நூலைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னால் தடுமாறுவர். இத்தகையோரின் திறமையை அறிவது எவ்வாறு? தேர்வு என்னும் அளவுகோல் அவர்கட்கு எவ்வாறு அமைதல் வேண்டும்? இவற்றை ஈண்டுக் காண்போம்.

இங்கிலாந்து நாட்டில் சீபோர்டு என்னும் ஊரில் மருத்துவராக விளங்கியவர் பிரிங்கிள் மார்கன். அவர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி 1896-ஆம் ஆண்டில் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். அச்சிறுவனுடைய கண்பார்வையில் குறை இல்லை. 7 வயது முதல் ஆசிரியர்களிடம் பயின்றும், மிகச் சிறிய சொற்களையன்றிப் பிறவற்றை அவனால் படிக்க இயலவில்லை. தன் பெயரையே எழுத்து இடம் மாற எழுதினான். ஆனால், 749-ஐ 867-ஆல் பெருக்குமாறு கூறியபோது, விரைவாகவும் பிழையின்றியும் பெருக்கினான். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடைபெறுமாயின், பள்ளியில் அவனே தலைசிறந்த மாணவனாவான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து. மார்கன் இக்குறையைப் ‘பிறவிச் சொற்குருடு’ என்று குறித்தார். இக்காலத்தில் இது டிஸ்லெக்சியா எனப்படுகிறது.

இது கண்ணின் குறையன்று, சோம்பலும் அன்று. எழுத்தின் வடிவத்தையும் அதன் ஒலியையும் விரைந்து இணைக்கும் மூளையின் செயலில் உள்ள தளர்ச்சியே இதற்குக் காரணம். நம் தமிழெழுத்தை நோக்குவோம். ‘கெ’ என்னும் எழுத்தில் கொம்பு முன்னே நிற்கிறது. ஒலிக்கும்போதோ மெய்யொலியே முன்னே வருகிறது. லகர, ளகர, ழகரங்களும், ரகர, றகரங்களும் ஒலியால் நெருங்கியவை. குழந்தைகள் பலரும் தொடக்கத்தில் இவற்றில் மயங்குவர். பயிற்சியால் அம்மயக்கம் நீங்கும். இக்குறையுடையார்க்கோ நெடுநாட் பயிற்சிக்குப் பின்னும் அஃது எளிதில் நீங்குவதில்லை.

அறிவு மிக்க சிறுவரிடத்தில் இக்குறை எளிதில் வெளிப்படுவதும் இல்லை. பிறர் படிக்கக் கேட்டு மனப்பாடம் செய்தும், படங்களைக் கொண்டு ஊகித்தும் அவர்கள் பாடத்தைச் சொல்லிவிடுவர். திறமை குறையை மறைக்கும். குறை திறமையை மறைக்கும். எனவே, ஆசிரியரின் கண்ணுக்கு நடுத்தர மாணவன் ஒருவனே தோன்றுவான். “இவனுக்கு அறிவு உண்டு, முயற்சிதான் இல்லை” என்னும் பழிச்சொல் நாள்தோறும் அவன் செவியில் விழும். பிறரினும் மிகுதியாக உழைத்தும் பழியே பெறுகின்ற சிறுவன், நாளடைவில் தன் அறிவின்மேல் வைத்த நம்பிக்கையையும் இழப்பான். இதுவே பெருங்கேடு.

இக்கேட்டைத் தடுப்பதற்கு முறையான சோதனை வேண்டும். பிரெஞ்சு அறிஞர் ஆல்பிரட் பினே என்பார், தியோடர் சைமனுடன் சேர்ந்து, பள்ளியில் தனியுதவி வேண்டும் குழந்தைகளைக் கண்டறிவதற்கென 1905-ஆம் ஆண்டில் அறிவுச் சோதனை ஒன்றை வகுத்தார். 1949-ஆம் ஆண்டில் அமெரிக்க உளநூல் அறிஞர் டேவிட் வெக்சுலர் சிறுவர்க்கெனப் பல உறுப்புகளையுடைய சோதனையை வெளியிட்டார். சொற்பொருள் கூறுதல், கட்டைகளை அடுக்கி உருவம் அமைத்தல், எண்வரிசையைக் கேட்டுத் திருப்பிச் சொல்லுதல், குறியீடுகளை விரைந்து எழுதுதல் முதலியன அதன் உறுப்புகள்.

இவற்றைத் தனித்தனியே நோக்குதல் இன்றியமையாதது. ஒரு மாணவன் நான்கு சோதனைகளில் 60, 60, 60, 60 எனப் பெறுகிறான். மற்றொருவன் 95, 90, 30, 25 எனப் பெறுகிறான். இருவர்க்கும் சராசரி 60 தான். சராசரியை மட்டும் நோக்குவார்க்கு இருவரும் ஒருவரே. மேடு பள்ளங்களை நோக்குவாரோ, இரண்டாம் மாணவனிடத்தே அரிய திறமையும் உதவி வேண்டும் குறையும் ஒருங்கே இருத்தலைக் காண்பர்.

இவ்வாறு கண்டறிந்தபின் செய்யவேண்டுவது யாது? நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன்னுள் அடக்கியது. தேர்வில் கூடுதல் நேரம் அளித்தல், சொல்வதை எழுதுபவரை அமர்த்துதல், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்களித்தல் ஆகியவற்றை அச்சட்டம் குறிப்பிடுகிறது.

“ஒருவனுக்கு மட்டும் கூடுதல் நேரம் தருதல் நடுநிலை ஆகுமா?” எனச் சிலர் வினவலாம். தேர்வு எதை அளக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் ஐயம் அகலும். வரலாற்றுத் தேர்வு அளக்க விரும்புவது வரலாற்றறிவை. எழுத்துக் கூட்டும் விரைவை அன்று. ஆதலின், ஆங்குக் கூடுதல் நேரம் தருவது அளவுகோலைச் செம்மை செய்வதேயாகும். தட்டெழுத்துத் தேர்விலோ விரைவே அளக்கப்படும் பொருள். ஆங்கு நேரத்தை மிகுத்தால் தேர்வின் நோக்கமே கெடும். எனவே, அளக்கப்படும் பொருளை விட்டு, இடையே நிற்கும் தடையை மட்டும் நீக்குவதே முறையாகும்.

எனினும், தேர்வுச் சலுகையோடு கடமை முடிவதில்லை. ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக இணைத்துக் கற்பிக்கும் தனிப்பயிற்சியும் அச்சிறுவனுக்கு வேண்டும். அதுபோலவே, அவன் சிறந்து விளங்கும் துறையில் அவன் அறிவுக்கேற்ற உயர்ந்த பாடங்களும் வேண்டும். குறையைத் திருத்துவதிலேயே காலமெல்லாம் கழித்தால், திறமை வளர இடமின்றி வாடும்.

மாணவர்களே! உங்கள் வகுப்பில் ஒருவன் உரக்கப் படிக்கும்போது தடுமாறினால் நகையாதீர்கள். அவன் சொல்லும் கருத்தைச் செவிகொடுத்துக் கேளுங்கள். வேண்டுமாயின், அவனுக்குப் பாடத்தைப் படித்துக் காட்டுங்கள். நீங்கள் விடை காணாத கணக்கிற்கு அவன் வழி காட்டுதலும் கூடும்.