பேட்டை புராணம் – 9
ஏரிக்கு மேல் ஒரு நகர்

போன வாரம் மயிலாப்பூர் மாடவீதிகளைச் சுற்றி வந்தோம். அது கோயிலைச் சுற்றித் தானாக வளர்ந்த ஊர். இந்த வாரம் வந்திருக்கும் தியாகராய நகரோ வரைபடத்தில் பிறந்தது. அதற்கு முன் இங்கே தண்ணீர்தான் இருந்தது.

நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை, மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே நீண்டு கிடந்த ஏரிக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் 'லாங் டேங்க்'. 1920-இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. நகரத்தில் குடியிருக்க இடம் போதவில்லை. ஏரியை வடித்து மனை போட்டார்கள். அப்போது நடந்தது நீதிக்கட்சி ஆட்சி. அதனால், இங்குள்ள தெருப்பலகைகளை வரிசையாகப் படித்தாலே அந்தக் கட்சியின் வரலாறு பாதி வந்துவிடும்.

1916-இல் கட்சியைத் தொடங்கிய மூவரும் இங்கே இருக்கிறார்கள். பிட்டி தியாகராயச் செட்டியார் பெயரில் நகர், நடேச முதலியார் பெயரில் பூங்கா, டி.எம். நாயர் பெயரில் சாலை. முதல் அமைச்சர் பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றவர் தியாகராயர். 1921 முதல் 1926 வரை அந்தப் பதவியில் இருந்த பனகல் அரசருக்கு நடுவிலுள்ள பூங்கா. 1934-இல் சென்னை மாகாண ஆளுநராகப் பொறுப்பு வகித்த முகமது உஸ்மானுக்கு, இன்று நகைக்கடைகள் வரிசை கட்டி நிற்கும் சாலை. பாண்டி பஜாருக்கு அரசு வைத்த பெயர் சவுந்தரபாண்டியனார் அங்காடி. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டின் தலைவர் அவர்.

1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் மாம்பலத்தில் குடியிருந்துகொண்டு பாரிமுனைக்கு வேலைக்குப் போய்வர முடிந்தது. பின்னால் சினிமாக்காரர்கள் வந்தார்கள். போக் ரோட்டில் சிவாஜியின் 'அன்னை இல்லம்' எழுந்தது. பனகல் பூங்காவை ஒட்டிப் பட்டுக்கடைகள் வந்தன. ரங்கநாதன் தெரு பாத்திரம், துணி என்று நிரம்பியது. ஒரு வீடு கடையானதும் பக்கத்து வீட்டின் விலை ஏறியது. விற்றவர்களைக் குறை சொல்ல முடியாது. வாசலில் கால் வைக்க இடமில்லாத தெருவில் யார் குடித்தனம் செய்வார்கள்?

ரயில் பாதையைத் தாண்டி மேற்கே வாருங்கள். மேற்கு மாம்பலம் மேட்டுக்குடிக்காகத் திட்டமிட்ட இடமில்லை. கொசுவுக்கும் யானைக்கால் நோய்க்கும் பேர் போன பகுதி. பெண் கொடுக்கவே யோசித்தார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஊர்க்காரர்களின் முயற்சியில் எழுந்த பொது சுகாதார மையம் இன்றும் லேக் வியூ ரோட்டில் இருக்கிறது. ஏரி போய்விட்டது, அதைப் பார்த்திருந்த சாலை பெயரை விடவில்லை.

நீலகிரிப் படகர் தலைவர் ஆரி கவுடர் பெயரைத் தாங்கிய ஆரிய கவுடா சாலையில் சாயங்காலம் ஆறு மணிக்கு நடந்து பாருங்கள். அயோத்தியா மண்டபத்தில் உபன்யாசம். வெளியே செருப்புக் குவியல். எதிரே வாழையிலைக் கட்டு, தர்ப்பை, மாவிலை.

"நாலு வாழைக்காய் குடுப்பா, நாளைக்கு ஆத்துல திவசம்."

"தெரியும் மாமி. சேப்பங்கிழங்கும் பிரண்டையும் எடுத்து வச்சிருக்கேன்."

காய்கறிக்காரருக்கு அந்த வீட்டுத் திதி தெரிந்திருக்கிறது. பத்து மாடிக் கடையில் எவ்வளவு கணினி வைத்தாலும் இந்தக் கணக்கு ஏறாது.

இங்கேயும் குறைகள் உண்டு. மழை பெய்தால் துரைசாமி சுரங்கப்பாதை நிரம்பும். 2021 நவம்பரில் கிழக்கே ஜி.என். செட்டி சாலையிலும் மேற்கே மாம்பலத்துத் தெருக்களிலும் ஒன்றாகத் தண்ணீர் நின்றது. பழைய ஏரியின் கதை தெரிந்தவர்கள் ஆச்சரியப்படவில்லை. மாம்பலம் கால்வாயை அடைத்துவிட்டு மழையைத் திட்டிப் பயனில்லை.

பூங்காவும் அகலச் சாலையும் தியாகராய நகருக்குத்தான் கிடைத்தன; பேட்டையின் குணம் மட்டும் மேற்கே போய்விட்டது. இரவில் படுத்து உறங்க ஆட்கள் இருந்தால்தான் அது பேட்டை. இப்போது மேற்கு மாம்பலத்திலும் பழைய அடுக்குமாடிகளை இடித்துக் கட்டுகிறார்கள். கீழ்த்தளம் முழுவதையும் கடைக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போடும் முன், வீட்டுக்காரர்கள் ஸ்டேஷன் நடைமேம்பாலம் ஏறி ரங்கநாதன் தெருவை ஒரு நடை பார்த்துவிட்டு வரட்டும்.

(தொடரும்)