கைப்பேசி வாங்குமுன்

கடைக்காரர் புகழும் அதே கைப்பேசியைக் குறித்து, “பேச்சு நடுவே அறுந்துவிடுகிறது” என்னும் முறையீடும் நம் காதில் விழுகின்றது. எதை நம்புவது?

இத்தகைய முறையீடுகளை வீண் புரளியெனத் தள்ளுதல் தகாது. 2010 ஜூன் திங்களில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐபோன் 4இல், விளிம்பிலிருந்த எஃகுச் சட்டமே அலைவாங்கியாகவும் அமைந்திருந்தது. உள்ளங்கை அதன் இடப்புறக் கீழ்மூலையை மூடினால் இணைப்பு நலிந்தது. ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ என்னும் அமெரிக்க இதழ் சோதித்துப் பார்த்து, இதனைப் பரிந்துரைக்க இயலாது என்றது. ஜூலை 16 அன்று நிறுவனம் செய்தியாளரை அழைத்து, இலவச உறை தருவதாக அறிவித்தது. விரைந்து வாங்கியோர் பட்ட தொல்லையே பொறுத்திருந்தோருக்குப் பாடமாயிற்று!

நம் வத்தல்மலை, சித்தேரி போன்ற மலையூர்களிலோ, குறை கருவியினுடையதா, மலை மறைப்பதாலா என்பதே ஐயம். 700 மெகாஹெர்ட்ஸ் அலை நெடுந்தூரம் செல்லும். 3500 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு விரைவு மிகுதி, எட்டும் தொலைவு குறைவு. ஆதலால் கருவி எவ்வலைவரிசைகளை ஏற்கும் எனக் கேட்டறியுங்கள். அதே கருவி உறவினரிடம் இருப்பின், உங்கள் சிம் அட்டையை அதில் இட்டு, உங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்தே பேசிப் பாருங்கள். மென்பொருள் திருத்தத்தால் தீரும் குறையாயின் காத்திருக்கலாம். அமைப்பிலேயே குறையாயின் வேண்டாம். பெங்களூரில் உழைக்கும் மகனின் குரலும், நள்ளிரவில் 108ஐ அழைக்கும் அவசரமும் அதனை நம்பியல்லவா உள்ளன! ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், கடையார் கைவிரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 உண்டு.