பூனைக்கு ஆகாத பூக்கள்

புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்று பழமொழி சொல்லிக்கொண்டிருக்க, அதன் சுற்றமாகிய பூனையோ, வயிறு நிறைந்திருக்கும்போதுகூடத் தோட்டத்திலே புல் நுனியைக் கடித்து மென்றுகொண்டிருப்பதை நாம் நித்தியமும் காண்கிறோம். புல்லினால் கேடில்லை, அதற்குப் பக்கத்தில் நிற்பவைதாம் சந்தேகத்துக்குரியவை. பூஜைக்கென்று வளர்க்கும் அரளியின் இலை, பூ, தண்டு யாவுமே இருதயத்தின் துடிப்பைக் குலைக்கும் விஷம் உடையவை. வேலியில் படரும் செங்காந்தளின் கிழங்கிலோ கோல்கிசின் என்னும் கொடிய வஸ்து செறிந்திருக்கிறது.

ஆயினும், மலைநாட்டுத் தோட்டங்களிலும் கல்யாணப் பூங்கொத்துகளிலும் விளங்கும் லில்லியே பூனைக்குப் பரம சத்துரு என்பேன். அதைத் தின்னவேண்டும் என்பதுகூட இல்லை. செடியை உரசிச் சென்ற பூனையின் ரோமத்தில் செம்பழுப்பு மகரந்தம் ஒட்டிக்கொள்ள, சுத்தத்தில் அபிமானம் மிகுந்த அந்தப் பிராணி சாவகாசமாக உட்கார்ந்து தன் தேகத்தை நக்கும்போது, விஷமும் உள்ளே போய்விடுகிறது. பூ வைத்த ஜாடித் தண்ணீரும் அப்படியே. முதலில் வாந்தி, பிறகு தேறிவிட்டது போன்ற தோற்றம், 3 நாட்களுக்குள் சிறுநீரகங்கள் செயலற்றுப் போகின்றன. அதே லில்லியைத் தின்ற நாய் வயிற்றுக் கோளாறோடு தப்பிவிடுவது விந்தைதான்.

விஷம் உள்ளே போன 18 மணி நேரத்துக்குள் கால்நடை வைத்தியர் இரத்த நாளத்தில் திரவம் செலுத்தத் தொடங்கினால் பூனை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். போகிறவர்கள் கடிபட்ட செடியில் ஒரு கிளையையும் ஒடித்து எடுத்துச் செல்வது வைத்தியருக்கு மெத்த உபகாரம்.