ஆய்வுக் கட்டுரைக்கும் உண்டு ஒரு பிறப்புப் பத்திரம்

ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடம், ஹிக்ஸ் துகளை ஒத்த புதிய துகளொன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக 2012ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் தேதி அறிவித்தது. உலகெங்கும் நாளேடுகள் அதைப் பெரிய செய்தியாக வெளியிட்டன. அடுத்த வாரமே அந்த நாளேடுகள் பழைய தாளாகிவிட்டன. ஆனால், அறிவியல் உலகில் அந்தக் கண்டுபிடிப்புக்கு நிலையான முகவரி ஒன்று இருக்கிறது. ‘ஃபிசிக்ஸ் லெட்டர்ஸ் பி’ இதழ், 716ஆம் தொகுதி, 2012ஆம் ஆண்டு, பக்கம் 1 முதல் 29 வரை அட்லஸ் குழுவின் கட்டுரை. அதே தொகுதியில் பக்கம் 30 முதல் 61 வரை சிஎம்எஸ் குழுவின் கட்டுரை.

இந்த முகவரிகளை எழுதிவைப்பது யார்? துகள் இயற்பியல் துறையில் அந்த வேலையைச் செய்வது ‘இன்ஸ்பையர்’ என்னும் தரவுத்தளம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் விவரங்கள் அதில் உள்ளன. யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். அதன் பின்னால் நூலகர்களும் இயற்பியல் படித்தவர்களும் கணினிப் பொறியாளர்களும் உழைக்கிறார்கள். அவர்களுடைய பெயர் எந்தக் கட்டுரையிலும் வருவதில்லை. ஆனால், ஓர் இளம் ஆய்வாளரின் உழைப்பு உலகத்தின் கண்ணில் படுவது அவர்களுடைய கவனத்தையும் பொறுத்தது.

தபாலில் தொடங்கிய கதை

ஓர் ஆய்வுக் கட்டுரை இதழில் அச்சாகி வெளிவரப் பல மாதங்கள் ஆகும். துகள் இயற்பியலாளர்களுக்கு அவ்வளவு பொறுமை இருந்ததில்லை. எழுதி முடித்தவுடனே கட்டுரையைப் படியெடுத்து மற்ற ஆய்வுக்கூடங்களுக்குத் தபாலில் அனுப்பிவிடுவார்கள். இவற்றுக்கு ‘முன்னச்சு’ என்று பெயர்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு நேர்கோட்டு முடுக்கி மையத்தின் நூலகம் 1962 முதல் இந்த முன்னச்சுகளைச் சேகரிக்கத் தொடங்கியது. 1969இல் இருந்து, வந்துசேர்ந்த முன்னச்சுகளின் பட்டியலை வாரந்தோறும் வெளியிட்டது. அந்தப் பட்டியலில் ‘எதிர்-முன்னச்சுகள்’ என்று வேடிக்கையான ஒரு பகுதியும் இருந்தது. இதழில் அச்சாகிவிட்ட முன்னச்சுகளின் பட்டியல்தான் அது. துகளும் எதிர்த்துகளும் சந்தித்தால் இரண்டுமே மறையும் என்பது இயற்பியல். அதுபோல, அச்சான விவரம் வந்துவிட்டால் மேசையில் கிடக்கும் முன்னச்சைத் தூக்கிப் போடலாம் என்பது நூலகரின் கணக்கு.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் உள்ள டெசி ஆய்வுக்கூடம் இதே துறையின் கட்டுரைகளுக்கு 1963 முதல் அட்டவணை தயாரித்து வந்தது. இரு நூலகங்களும் கைகோத்து 1974இல் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றின. அதன் பெயர் ‘ஸ்பையர்ஸ்’.

1991இல் ஸ்டான்ஃபோர்டு இயற்பியலாளர் பால் குன்ஸ் செர்னுக்குச் சென்றிருந்தபோது, டிம் பெர்னர்ஸ்-லீ தாம் உருவாக்கிய ‘வேர்ல்ட் வைட் வெப்’பை அவருக்குக் காட்டினார். குன்ஸுக்கு உடனே நினைவுக்கு வந்தது தங்கள் நூலகப் பட்டியல். ஊர் திரும்பி, நூலகர் லூயிஸ் ஆடிஸின் துணையோடு அந்த ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி ஓர் இணையத்தளத்தை இயக்கிவிட்டார். வட அமெரிக்காவின் முதல் இணையத்தளம் அதுதான். விற்பனைக்கோ விளம்பரத்துக்கோ அது தொடங்கப்படவில்லை. ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியலைத் தேடிப் பார்க்கத்தான் தொடங்கப்பட்டது.

பின்னர் செர்ன், டெசி, ஃபெர்மிலேப், ஸ்டான்ஃபோர்டு மையம் ஆகியவை சேர்ந்து உருவாக்கிய இன்ஸ்பையர், 2012இல் ஸ்பையர்ஸின் இடத்தை எடுத்துக்கொண்டது.

பதிவில் என்ன இருக்கும்?

ஒரு கட்டுரைக்கான பதிவில் தலைப்பு, ஆசிரியர்களின் பெயர்கள், ஒவ்வொருவரும் பணிபுரியும் நிறுவனம், சுருக்கம், இதழின் பெயர், தொகுதி, ஆண்டு, பக்கம் ஆகியவை இருக்கும். கட்டுரைக்கென்று தனியாக வழங்கப்படும் டிஓஐ எண்ணும், முன்னச்சாக ‘ஆர்க்கைவ்’ தளத்தில் வெளியாகியிருந்தால் அதன் எண்ணும் இருக்கும். கடைசியாக, அந்தக் கட்டுரை மேற்கோள் காட்டும் பிற கட்டுரைகளின் பட்டியல்.

இன்று பெரும்பாலான விவரங்களைக் கணினியே திரட்டிவிடுகிறது. ஆனால், இரண்டு இடங்களில் மனிதக் கண் தேவைப்படுகிறது.

முதலாவது, ஒரே கட்டுரை இரண்டாகிவிடாமல் பார்ப்பது. முன்னச்சு வந்தவுடன் ஒரு பதிவு உருவாகும். சில மாதங்கள் கழித்து அதே கட்டுரை இதழில் வரும். இடையில் தலைப்பு மாறியிருக்கலாம். ஆசிரியர் ஒருவர் கூடியிருக்கலாம். இரண்டும் ஒன்றே என்று கண்டுபிடித்து, இதழின் விவரங்களைப் பழைய பதிவிலேயே சேர்க்க வேண்டும். தவறினால் மேற்கோள்கள் இரண்டு பதிவுகளுக்கும் பிரிந்துபோகும்.

நல்ல உதாரணம், ஹுவான் மால்டசீனா 1997 நவம்பரில் ஆர்க்கைவில் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை. அது 1998இல் ஓர் இதழில் வந்தது. 1999இல் இன்னோர் இதழிலும் வந்தது. ஆக, ஒரே கட்டுரைக்கு மூன்று முகவரிகள். உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் மூன்றில் ஏதேனும் ஒன்றைக் குறிப்பிடுவார்கள். மூன்றையும் ஒரே பதிவில் சேர்த்து வைத்ததால்தான், பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருப்பது நமக்குத் தெரிகிறது.

இரண்டாவது, மேற்கோள் பட்டியலில் நேரும் எண் பிழைகள். 114ஆம் தொகுதி என்பதை 141 என்று ஓர் ஆசிரியர் தட்டச்சு செய்துவிட்டால், அந்த மேற்கோள் போய்ச் சேர வேண்டிய கட்டுரைக்குப் போகாது. இத்தகைய பிழைகளைப் பயனீட்டாளர்களே சுட்டிக்காட்டித் திருத்தம் கோரலாம்.

ஆசிரியர் பட்டியலே 24 பக்கம்

ஹிக்ஸ் துகளின் நிறையைக் கணக்கிட்டு அட்லஸ், சிஎம்எஸ் குழுக்கள் 2015இல் கூட்டாக ஒரு கட்டுரை வெளியிட்டன. மொத்தம் 33 பக்கங்கள். அறிவியல் விஷயமும் மேற்கோள்களும் முதல் ஒன்பது பக்கங்களில் முடிந்துவிட்டன. மிச்சம் 24 பக்கங்களும் ஆசிரியர்களின் பெயர்களும் நிறுவனங்களின் பெயர்களும்தான். ஆசிரியர்கள் மொத்தம் 5,154 பேர்!

இத்தனை பெயர்களைக் கையால் தட்டச்சு செய்ய முடியாது. எனவே, பெரிய குழுக்கள் ஆசிரியர் பட்டியலைக் கணினி படிக்கும் வடிவில் தனிக் கோப்பாகத் தயாரித்துக் கொடுக்கின்றன. மலாயாப் பல்கலைக்கழகத்தின் தேசியத் துகள் இயற்பியல் மையமும் சிஎம்எஸ் குழுவில் இடம்பெற்றிருக்கிறது. கோலாலம்பூரில் அமர்ந்து தரவுகளை ஆராயும் மாணவருக்கும் அந்தக் கோப்பில் ஒரு வரி உண்டு.

நம் பெயர்கள் படும் பாடு

பெயர்ப் பதிவில் நமக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. மேற்கத்தியக் கணினிப் படிவங்கள் எல்லாருக்கும் குடும்பப் பெயர் ஒன்று உண்டு என்று எண்ணிக்கொள்கின்றன. தமிழர்களில் பெரும்பாலோர்க்கு அப்படி ஒன்று இல்லை. இருப்பது நம் பெயரும் தந்தை பெயரும்தான்.

இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற இரு தமிழர்களையே எடுத்துக்கொள்வோம். 1930இல் பெற்றவர் சர் சி.வி. ராமன். 1983இல் பெற்றவர் எஸ். சந்திரசேகர். ராமன், சந்திரசேகருக்குச் சித்தப்பா. ஆனால், ‘ராமன்’, ‘சந்திரசேகர்’ என்று இரண்டு பெயர்களையும் பட்டியலில் பார்க்கும் வெளிநாட்டவருக்கு இருவரும் ஒரே குடும்பம் என்று தெரிய வழியே இல்லை. இருவரும் தங்கள் சொந்தப் பெயரைக் கடைசியில் வைத்துக்கொண்டார்கள். தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாக்கினார்கள்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நிலைமை நேர்மாறு. அடையாள அட்டையில் நம் பெயர் முன்னால், தந்தை பெயர் பின்னால். நடுவில் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’, ‘எஸ்/ஓ’ அல்லது ‘டி/ஓ’. கணினி கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். ஒரு மாணவி தம் முதல் கட்டுரையில் ‘கவிதா முனியாண்டி’ என்றும், அடுத்ததில் ‘எம். கவிதா’ என்றும் எழுதினால், தரவுத்தளத்தில் அவர் ‘முனியாண்டி, கே.’, ‘கவிதா, எம்.’ என்று இரண்டு ஆளாகிவிடக்கூடும். ‘எஸ். குமார்’ போன்ற பெயரிலோ நேரெதிர்ச் சிக்கல். பல பேருடைய கட்டுரைகள் ஒருவர் கணக்கில் சேர்ந்துவிடும்.

இதில் என்ன நட்டம் என்று கேட்கலாம். முனைவர் பட்டத்துக்குப் பிறகு ஆய்வுப் பணிக்கு விண்ணப்பிக்கும்போது, தேர்வுக் குழுவினர் விண்ணப்பதாரரின் பெயரை இத்தகைய தரவுத்தளத்தில் தேடிப் பார்ப்பது வழக்கம். ஆறு கட்டுரைகள் எழுதியவருக்கு மூன்று மட்டுமே தெரிந்தால், அவர் பாதி உழைத்தவராகத்தான் தோன்றுவார்.

வீட்டில் ஆய்வு மாணவர் இருந்தால்

முதல் கட்டுரையை அனுப்புவதற்கு முன்பே பெயரை எந்த வடிவில் எழுதுவது என்று முடிவு செய்யட்டும். பிறகு எக்காரணத்துக்காகவும், திருமணத்துக்குப் பிறகும்கூட, முடிந்தவரை அதை மாற்ற வேண்டாம்.

2012 முதல் வழங்கப்படும் ‘ஆர்கிட்’ அடையாள எண்ணைப் பெற்றுக்கொள்ளட்டும். 16 இலக்கங்கள் கொண்ட இந்த எண் இலவசம். எல்லாத் துறை ஆய்வாளர்களுக்கும் பொது. பெயர் எப்படி எழுதப்பட்டாலும் எண் மாறாது.

கட்டுரை வெளிவந்த பிறகு, தரவுத்தளத்தில் அதன் பதிவைத் திறந்து பார்க்கட்டும். இதழின் பெயர், தொகுதி, பக்கம், தம் பெயர், பல்கலைக்கழகத்தின் பெயர் ஆகியவை சரியா என்று ஒருமுறை சரிபார்த்தால் போதும். பிழை இருந்தால் திருத்தம் கேட்கலாம். கட்டுரையே விடுபட்டிருந்தால் விவரங்களைத் தாமே படிவத்தில் நிரப்பி அனுப்பலாம். பணியாளர்கள் சரிபார்த்துச் சேர்ப்பார்கள்.

பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்து பிசகினாலும் பதிவிலாகாவுக்கு எத்தனை முறை நடக்க வேண்டியிருக்கும் என்பது நம் பெற்றோருக்கு நன்றாகத் தெரியும். கட்டுரைப் பதிவும் அப்படித்தான். முதல் நாளிலேயே பார்த்துவிட்டால் பத்து நிமிட வேலை.