வாக்குச்சீட்டும் வகுப்பறையும்: ஐக்கிய அமெரிக்காவிற் பாடசாலை நிதிக்கான வாக்கெடுப்புப் பற்றிய ஒரு நோக்கு

1993ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்து வடபகுதியிலுள்ள கல்காஸ்கா என்னும் சிற்றூரின் அரசாங்கப் பாடசாலைகள் மூடப்பட்டன. கல்வியாண்டு முடிவதற்கு இன்னும் ஏறத்தாழப் பத்து வாரங்கள் இருந்தன. இயற்கை அனர்த்தமோ ஆசிரியர் வேலைநிறுத்தமோ இதற்குக் காரணமன்று. பாடசாலைகளை நடத்துதற்கு மேலதிக வரி அறவிட அனுமதி கோரப்பட்டபோது, அவ்வூர் வாக்காளர் மூன்று முறை அதனை மறுத்திருந்தனர். ஆண்டு முழுவதையும் நடத்தப் பணம் போதாதெனக் கண்ட பாடசாலைச் சபை கதவுகளை அடைத்தது.

மக்கள் தம் ஊர்ப் பாடசாலைக்குப் பணம் கொடுக்க மறுத்து வாக்களித்தனர் என்ற செய்தி, கல்விச் செலவை மத்திய அரசே பொறுப்பேற்கும் முறைமைக்குப் பழகிய எமக்கு வியப்பளிக்கக் கூடியது. வாக்காளரின் அறியாமை என்றோ தன்னலம் என்றோ இதனை விளக்கிவிடுதல் எளிது. அவ்விளக்கம் போதாது என்பதே எமது கருத்து. இவ்வாக்கெடுப்பு மக்களின் விருப்பத்தை அளப்பதாகத் தோற்றமளிப்பினும், அவ்விருப்பம் என்ன பயனைத் தரும் என்பதை ஆதனச் செல்வத்தின் பரம்பலே பெரிதும் முன்கூட்டித் தீர்மானித்துவிடுகின்றது. இதனை விளங்கிக்கொள்வதற்கு அம்முறைமையின் அமைப்பை முதலில் நோக்குதல் வேண்டும்.

1. பாடசாலை வட்டாரமும் ஆதனவரியும்

ஐக்கிய அமெரிக்காவின் அரசியல் யாப்பிற் கல்வி என்னும் சொல்லே இடம்பெறவில்லை. எனவே கல்வி மாநிலங்களின் பொறுப்பாயிற்று. மாநிலங்கள் அப்பொறுப்பின் பெரும்பகுதியைப் 'பாடசாலை வட்டாரம்' எனப்படும் உள்ளூர் அமைப்புகளிடம் ஒப்படைத்தன. இம்மரபின் வேர்கள் குடியேற்ற காலத்தவை. ஐம்பது குடும்பங்கள் கொண்ட ஒவ்வோர் ஊரும் எழுத்தும் வாசிப்பும் கற்பிக்க ஒருவரை அமர்த்த வேண்டும் என மசச்சூசெட்ஸ் குடியேற்றம் 1647இலேயே சட்டமியற்றியிருந்தது. ஊர் தன் ஆசிரியனுக்குத் தானே ஊதியம் கொடுக்கும் என்ற எண்ணம் அங்கிருந்து வளர்ந்ததாகும்.

1940ஆம் ஆண்டளவில் நாடெங்கும் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட பாடசாலை வட்டாரங்கள் இருந்தன. சிறியன பெரியவற்றோடு இணைக்கப்பட்டமையால் இன்று அத்தொகை ஏறத்தாழப் 13,000 ஆகக் குறைந்துள்ளது. பெரும்பாலான வட்டாரங்களை மக்களால் தெரிவு செய்யப்பட்ட சபைகளே நிருவகிக்கின்றன. பாடசாலைக் கல்விக்கான மொத்த நிதியில் மத்திய அரசின் பங்கு ஏறத்தாழப் பத்தில் ஒன்று மாத்திரமே. எஞ்சியதை மாநில அரசுகளும் உள்ளூர் அமைப்புகளும் ஏறக்குறையச் சமமாகப் பகிர்ந்துகொள்கின்றன. உள்ளூர்ப் பங்கின் பிரதான ஊற்று ஆதனவரியாகும்.

இவ்வரியைக் கணிக்கும் அலகு 'மில்' எனப்படும். வரி மதிப்பீட்டுப் பெறுமதியில் ஆயிரம் டொலருக்கு ஒரு டொலர் என்பதே ஒரு மில். 50,000 டொலராக மதிப்பிடப்பட்ட வீட்டுக்கு ஒரு மில் வரி என்பது ஆண்டுக்கு 50 டொலராகும். வாக்குச்சீட்டிற் கேட்கப்படுவது பொதுவாக இதுதான்: இத்தனை மில் வரியை இத்தனை ஆண்டுகளுக்கு அறவிடலாமா, ஆகாதா?

2. வாக்கெடுப்பின் இயல்பு

பாடசாலைச் செலவு இருவகைப்படும். கட்டடம் எழுப்புதல் முதலியன மூலதனச் செலவு. ஆசிரியர் சம்பளம், பேருந்து, எரிபொருள், நூல்கள் என ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் எழுவன நடைமுறைச் செலவு. கட்டடத்துக்கான வேண்டுகோள் மறுக்கப்படின் பழைய கட்டடத்திலேயே வகுப்பு நடக்கும். நடைமுறைச் செலவுக்கான வேண்டுகோள் மறுக்கப்படின் வகுப்பை நடத்த ஆசிரியரே இல்லாத நிலை தோன்றும். கல்காஸ்காவில் மறுக்கப்பட்டது இந்த இரண்டாவது வகையாகும்.

மிச்சிக்கனில் இந்நிலை உருவான வரலாறு மனங்கொள்ளத்தக்கது. பெரும் பொருளாதார மந்தத்தின்போது வரி செலுத்த வழியின்றி மக்கள் நிலத்தை இழக்கும் ஆபத்து எழுந்தது. அதன் விளைவாக 1932இல் மாநில யாப்பு திருத்தப்பட்டது. வாக்காளரின் அனுமதியின்றி ஆதனவரி 15 மில்லைத் தாண்டலாகாது என்பது பொது விதியாயிற்று. அந்தப் பதினைந்தையும் பாடசாலைகள் ஏனைய உள்ளூர் நிருவாகங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. ஏழைக் குடியானவனைக் காக்க இடப்பட்ட வேலி இது. ஆயின் காலப்போக்கிற் செலவுகள் வேலியைக் கடந்து வளர்ந்தன. 1990களின் தொடக்கத்திற் பாடசாலை நடைமுறைச் செலவுக்கு மாத்திரம் அறவிடப்பட்ட சராசரி வரி 34 மில் அளவில் இருந்தது. அஃதாவது 'மேலதிக வரி' என்ற பெயர் நிலைத்தபோதிலும், அது உண்மையில் அன்றாடச் சம்பளத்தின் அடித்தளமாகிவிட்டது. அவ்வடித்தளமோ காலவரையறைக்கு உட்பட்டது. அனுமதிக்காலம் முடியுந்தோறும் சபை மீண்டும் வாக்காளர் முன் சென்று நிற்க வேண்டும்.

யாருடைய வாக்கு, எத்தனை வாக்கு என்பனவும் ஆராயத்தக்கன. நியூயோர்க் மாநிலத்தின் சில வட்டாரங்களில் ஆதனம் உடையோரும் வாடகைக்கு இருப்போரும் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் பெற்றோருமே பாடசாலைத் தேர்தல்களில் வாக்களிக்கலாம் என்ற சட்டம் இருந்தது. பெற்றோர் வீட்டில் வாழ்ந்த, பிள்ளைகளற்ற ஒருவர் அதனை எதிர்த்து வழக்காடினார். ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 1969இல் அச்சட்டத்தைச் செல்லாதது எனத் தீர்த்தது. கல்வி சமுதாயம் முழுவதற்கும் உரிய காரியம் என்ற கொள்கைக்கு இது வலிமை சேர்த்தது. மறுபுறத்தில், வாஷிங்டன் மாநிலத்திற் பாடசாலை வரி நிறைவேற நூற்றுக்கு அறுபது வாக்குகள் தேவையென்ற விதி 2007 வரை நிலவியது. ஐம்பத்தொன்பது பேர் விரும்பியதை நாற்பத்தொரு பேர் தடுக்கலாம் என்பதே அதன் பொருள்.

வாக்காளரின் மனநிலையையும் இவ்விடத்தில் நோக்குவோம். இராணுவச் செலவு வேண்டுமா என்று அமெரிக்கக் குடிமகனிடம் எவரும் வாக்குச்சீட்டு நீட்டுவதில்லை. வருமானவரி அவனது சம்பளத்திலிருந்து கழிக்கப்பட்ட பின்னரே கைக்கு வருகின்றது. விற்பனைவரி பொருளின் விலையோடு போகின்றது. 'வேண்டாம்' என்று நேரே சொல்லக்கூடிய வரி அவனுக்கு மிகச் சிலவே வாய்க்கின்றன. அவற்றுள் முதன்மையானது பாடசாலை வரி. ஆகவே ஏனைய வரிகள் மீதும், ஆட்சி மீதும், விலைவாசி மீதும் அவன் கொண்ட சினம் முழுவதும் இச்சிறு சீட்டில் வந்திறங்குதல் இயல்பே. இதனோடு, ஆதனவரி வருமானத்தைப் பார்ப்பதில்லை. ஓய்வூதியத்தில் வாழும் முதியவளின் வீட்டு மதிப்பு உயர்ந்தால் வரியும் உயரும், ஓய்வூதியம் உயராது. விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் விவசாயியின் நிலத்துக்குரிய வரி குறைவதில்லை. இத்தகையோர் இடும் மறுப்பு வாக்கைக் கல்வி மீதான வெறுப்பு எனக் கொள்ளுதல் நியாயமன்று. தாங்கவியலாத வரியமைப்பொன்றுக்கு அவர்கள் கூறும் பதிலாகவே அதனைக் கொள்ளல் வேண்டும். அப்பதிலின் விலையைச் செலுத்துவோர் வாக்குரிமையற்ற சிறுவர்கள் என்பதே இம்முறைமையின் அவலம்.

3. ஒரே வீதம், வேறுபட்ட பயன்

இனி, அடிப்படையான பிரச்சினைக்கு வருவோம். மாணவன் ஒருவனுக்கு ஓர் இலட்சம் டொலர் பெறுமதியான ஆதனங்கள் உள்ள வட்டாரம் ஒன்றையும், மூன்று இலட்சம் டொலர் பெறுமதியான ஆதனங்கள் உள்ள வட்டாரம் ஒன்றையும் உதாரணமாகக் கொள்வோம். இரு வட்டார மக்களும் 20 மில் வரிக்கு உடன்படுகின்றனர். முதலாவதற்கு மாணவனுக்கு 2,000 டொலர் கிடைக்கும். இரண்டாவதற்கு 6,000 டொலர் கிடைக்கும். இரு வட்டாரங்களின் தியாகமும் ஒன்றே. பயன் மாத்திரம் மும்மடங்கு வேறுபடுகின்றது. முதல் வட்டாரம் இரண்டாவதற்கு ஈடாக வேண்டுமாயின் 60 மில் வரிக்கு வாக்களிக்க வேண்டும். மிச்சிக்கன் யாப்போ, வாக்காளர் இசைந்தாலும் 50 மில்லுக்கு மேற்செல்ல இடமளிக்கவில்லை.

இது வெறுங் கற்பனைக் கணக்கன்று. டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்ரோனியோ நகரத்தின் எட்ஜ்வுட், அலாமோ ஹைற்ஸ் என்னும் இரு வட்டாரங்கள் 1973இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த ரொட்றிகெஸ் வழக்கில் ஒப்புநோக்கப்பட்டன. எட்ஜ்வுட்டில் வாழ்ந்தோர் பெரும்பாலும் மெக்சிக்க வம்சாவளியினரான ஏழைகள். அங்கு ஒரு மாணவனுக்குரிய ஆதனப் பெறுமதி 5,960 டொலர். அலாமோ ஹைற்ஸ் வெள்ளையர் பெரும்பான்மையாக வாழ்ந்த வசதிமிக்க பகுதி. அங்கு அத்தொகை 49,000 டொலருக்கு மேல். எட்ஜ்வுட் மக்கள் நூறு டொலருக்கு 1.05 டொலர் வீதம் வரி செலுத்தினர். அலாமோ ஹைற்ஸ் மக்கள் 0.85 டொலர் வீதமே செலுத்தினர். ஏழைகள் கூடிய வீதத்திற் செலுத்தியும், மாநிலத்தின் அடிப்படைத் திட்டத்துக்குரிய பங்கு போக அவர்களுக்கு எஞ்சியது மாணவனுக்கு 26 டொலர். குறைந்த வீதத்திற் செலுத்தியோருக்கு எஞ்சியது 333 டொலர்.

நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையால் இவ்வேற்றுமையைக் கண்டிக்க மறுத்தது. கல்வி யாப்பினால் வெளிப்படையாகக் காக்கப்பட்ட உரிமையன்று என்பதும், உள்ளூர்க் கட்டுப்பாடு பேணத்தக்க நோக்கம் என்பதும் பெரும்பான்மைத் தீர்ப்பின் வாதங்கள். மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதியரசர் தேர்குட் மார்ஷல், உள்ளூர்க் கட்டுப்பாடு என்ற வாதத்தின் உட்பொருளையே வினாவுக்குட்படுத்தினார். உள்ளூர் மக்களின் தெரிவே உண்மையில் ஆட்சி செய்யுமாயின், கூடுதலாகத் தியாகம் செய்யும் ஊரிற் கூடுதலான கல்வி வசதி இருத்தல் வேண்டும். நடைமுறையிற் காணப்படுவதோ அதற்கு நேர்மாறு என அவர் சுட்டிக்காட்டினார். இத்தர்க்கம் இன்றும் மறுத்தற்கரியது.

4. மிச்சிக்கன் கண்ட மாற்றம்

மிச்சிக்கனிலும் இவ்வேற்றுமை வெளிப்படையாகவே இருந்தது. செல்வர் வாழும் புளூம்ஃபீல்ட் ஹில்ஸ் வட்டாரம் மாணவனுக்குப் பத்தாயிரம் டொலருக்கு மேற் செலவிட்ட காலத்தில், வறிய கிராம வட்டாரங்கள் சில அதன் மூன்றிலொரு பங்களவே செலவிட்டன. இதனைத் திருத்த எடுக்கப்பட்ட முயற்சிகள் பல தோல்வியுற்றன. கல்காஸ்கா மூடப்பட்டு மூன்று மாதங்கூடக் கழியுமுன், 1993 ஜூனில் முன்வைக்கப்பட்ட திருத்த யோசனையையும் வாக்காளர் நிராகரித்தனர். மறுமாதம் மாநிலச் சட்டசபை எவரும் எதிர்பாராத செயலொன்றைச் செய்தது. பாடசாலை நடைமுறைச் செலவுக்கான ஆதனவரியை, மாற்று வழி எதனையும் வகுக்காமலே, முற்றாக ஒழித்தது. ஆளுநர் ஜோன் எங்லர் அதற்குக் கையொப்பமிட்டார்.

பின்னர் 1994 மார்ச் 15ஆம் திகதி மாநிலம் முழுவதும் வாக்கெடுப்பு நடைபெற்றது. 'ஏ யோசனை' எனப்பட்ட திட்டம் பெரும் ஆதரவுடன் நிறைவேறியது. விற்பனைவரி நூற்றுக்கு 4இலிருந்து 6 ஆயிற்று. சிகரெட் வரி பெட்டிக்கு 25 சதத்திலிருந்து 75 சதமாயிற்று. சொந்த வீட்டில் வாழ்வோர் மாநிலக் கல்வி வரியாக 6 மில் மாத்திரம் செலுத்தினாற் போதும் என்பது பொது விதியாயிற்று. வர்த்தக நிலையங்கள், விடுமுறை வீடுகள் போன்ற ஏனைய ஆதனங்களுக்கு உள்ளூர் வாக்காளரின் அனுமதியுடன் மேலும் 18 மில் விதிக்கலாம். திரட்டப்பட்ட நிதியிலிருந்து ஒவ்வொரு மாணவனுக்கும் அடிப்படைத் தொகையொன்றை மாநிலம் உறுதிப்படுத்தியது. 1994–95இல் இதன் அடிப்படை அளவு 5,000 டொலர். கீழ்நிலை வட்டாரங்கள் ஆண்டுதோறும் உயர்த்தப்பட்டன. மிகக் குறைந்த தொகைக்கும் மாநிலம் வகுத்த உயர் தொகைக்கும் இடையிலிருந்த வேறுபாடு 2021இல் 8,700 டொலர் என்ற பொது அளவில் நீக்கப்பட்டது.

இதனை முழு வெற்றியெனக் கொள்ளல் தகாது. விற்பனைவரி, வருமானத்தின் பெரும்பகுதியை நுகர்விற் செலவிடும் ஏழையையே கூடுதலாகத் தாக்குவது. அது பொருளாதாரத்தோடு ஏறி இறங்குவதும் ஆகும். மோட்டார் வாகனத் தொழில் நலிவுற்ற காலத்திற் பாடசாலை நிதியும் நலிந்தது. முன்பு உயர்வாகச் செலவிட்ட வட்டாரங்கள் சில, தனி வரி மூலம் அவ்வுயர்வைப் பேண இடமளிக்கப்பட்டன. கட்டடங்களுக்கான மூலதனச் செலவு முன்போலவே உள்ளூர் ஆதனத்தையும் உள்ளூர் வாக்கையும் நம்பி நிற்கின்றது. ஆகவே ஆசிரியர் சம்பளத்திற் குறைக்கப்பட்ட ஏற்றத்தாழ்வு, கூரையிலும் ஆய்வுகூடத்திலும் தொடர்கின்றது. மேலும், தம் பாடசாலையின் நடைமுறைச் செலவுக்குக் கூடுதலாகக் கொடுக்க விரும்பும் ஊர், அதனைத் தானே தீர்மானிக்கும் உரிமையைப் பெரிதும் இழந்துவிட்டது.

5. முடிவுரை

எமது ஆய்விலிருந்து பெறப்படும் கருத்தை இவ்வாறு தொகுக்கலாம். பாடசாலை நிதிக்கான உள்ளூர் வாக்கெடுப்பு மக்களாட்சியின் வடிவத்தை உடையது. அவ்வடிவம் இழிவாகக் கருதத்தக்கதன்று. தன் வரி எங்கே செல்கின்றது என்பதைக் கண்முன்னே காணவும், ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவும் சாதாரண குடிமகனுக்கு வாய்ப்பளிக்கும் ஏற்பாடுகள் உலகில் மிகுதியாக இல்லை. ஆயின் சமனற்ற செல்வத்தின் மீது சமமான வாக்குகளைப் பரப்புவதனாற் சமமான உரிமை பிறப்பதில்லை. எட்ஜ்வுட் வாக்காளன் எத்துணை மனமுவந்து வாக்களித்தாலும் அவன் மகனுக்கு 26 டொலரே எஞ்சியது.

மிச்சிக்கன் வாக்காளர் ஓராண்டுக்குள் அளித்த விடைகள் இதனை மேலும் தெளிவுறுத்துகின்றன. 1993இல் ஊரளவிற் கேட்கப்பட்ட வினா, இவ்வீட்டின் மீது இன்னும் எத்தனை மில் என்பது. 1994இல் மாநிலம் முழுவதிலும் கேட்கப்பட்ட வினா, எல்லாப் பிள்ளைகளின் கல்விச் செலவையும் எவ்வழியிற் பகிர்ந்துகொள்வது என்பது. முன்னதற்கு மறுப்பும் பின்னதற்கு இசைவும் கிடைத்தன. இரு வாக்கெடுப்புகளுக்கும் இடையில் மக்களின் கல்விப் பற்று திடீரென வளர்ந்துவிடவில்லை. அவர்கள் முன் வைக்கப்பட்ட வினாவே மாறியிருந்தது. ஆகவே, பாடசாலை நிதி மறுக்கப்பட்ட ஊரைப் பற்றிப் பேசும்போது வாக்குகளை எண்ணுவதோடு நில்லாது, அவ்வினாவை வகுத்தோர் யார், அதன் சுமையை யார் தோளில் ஏற்றினர் என்பதையும் ஆராய்தல் சமூக ஆய்வாளரின் கடனாகும்.