வகுப்பறையில் கட்சி பேசினால்

எப்போதும்வென்றானில் காலையில் பஸ் ஏறும் கல்லூரிப் பிள்ளைகளில் சிலர் எட்டயபுரம் வழியாகக் கோவில்பட்டிக்குப் போகிறார்கள், சிலர் தூத்துக்குடிக்கு. பலர் தங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். மானாவாரி வெள்ளாமையில் மிஞ்சியதைச் சேர்த்துக் கட்டிய ஃபீஸ். பேராசிரியர் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தம் கட்சிப் பெருமையை ஆரம்பித்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? நோட்டில் தேதியை மட்டும் எழுதிவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்கள். இன்டர்னல் மார்க் அவர் கையில் இருக்கிறதே!

இந்த மௌனத்தைத்தான் ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1917இல் மியூனிக் நகரில் பேசும்போது குறிப்பிட்டார். பொதுக்கூட்டத்தில் எழுந்து எதிர்க்கேள்வி கேட்கலாம், வகுப்பில் மாணவன் அப்படிக் கேட்க முடியாது. ஆகவே ஆசிரியர் அங்கே பிரசாரம் செய்வது முறையல்ல என்றார்.

அதற்காக ஆசிரியருக்கு அரசியலே கூடாது என்றாகுமா? கரிசல் பூமியிலேயே ஒருவர் அதற்கு விலை கொடுத்திருக்கிறார். 1952 தேர்தலில் காமராசரை எதிர்த்து நின்ற ஜி.டி. நாயுடுவை ஆதரித்ததற்காக, விருதுநகர் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் சி. இலக்குவனாரின் வேலை போனது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது அவர் மதுரை தியாகராசர் கல்லூரியில் இருந்தார், கைதானார். 1952இல் வகுப்புக்கு வெளியே ஒரு குடிமகனாக ஓட்டுக் கேட்டதற்கு அவர் வேலையைப் பறித்தது அநியாயம்.

பாடத்திலேயே அரசியல் இருந்தால் அது வேறு கதை. கோவில்பட்டிக் கல்லூரிகள் இணைந்திருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில், எம்.ஏ. ஆங்கிலப் பாடத்தில் அருந்ததி ராயின் 'வாக்கிங் வித் த காம்ரேட்ஸ்' 2017 முதல் இருந்தது. மாவோயிஸ்டுகளைப் புகழ்கிறது என்று ஏபிவிபி மாணவர் அமைப்பு புகார் கொடுத்தது. 2020 நவம்பரில் புத்தகம் நீக்கப்பட்டது, அதன் இடத்தில் மா. கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைகள் வந்தன. கிருஷ்ணன் அருமையான எழுத்தாளர்தான். ஆனாலும் பிடிக்காத கருத்தை வகுப்பில் வைத்து விவாதிக்கக் கிடைத்த வாய்ப்பு பறிபோனது.

ஆகவே ஆசிரியரின் கருத்தைக் குற்றமாக்க வேண்டியதில்லை. பாடத்துக்குச் சம்பந்தமில்லாமல் பிரசாரம் செய்கிறாரா, மாற்றுக் கருத்து எழுதியவனுக்கு மார்க்கைக் குறைக்கிறாரா என்று பார்த்தால் போதும். முதலில் தனியாகப் போய், "சார், போர்ஷன் பாக்கி இருக்கு" என்று பணிவாகச் சொல்லலாம். பலர் அதிலேயே திருந்திவிடுவார்கள். இல்லையென்றால் துறைத்தலைவர், பிறகு முதல்வர்.

அங்கும் நடக்காவிட்டால், யுஜிசியின் 2023 விதிகளின்படி கல்லூரியில் இருக்க வேண்டிய மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்கு எழுதலாம். மதிப்பீட்டில் அநியாயம் நடப்பதும் அந்த விதிகளில் குறையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. குழுவின் முடிவில் திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். 'அரசியல் பேசுகிறார்' என்று மொட்டையாக எழுதினால் நிற்காது. எந்தத் தேதி, எந்தப் பீரியட், எந்தப் பாடம் விடுபட்டது, எந்தத் தேர்வுத்தாளில் மார்க் குறைந்தது என்று எழுதுங்கள். கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.